பிளாஸ்டிக் புல்லும் லண்டன் களிமண்ணும்

லண்டனைச் சுற்றியுள்ள புறநகர்களில் புதிதாகக் கட்டிய வீட்டில் குடியேறுகிறவர்களுக்கு, வீட்டைவிடப் பின்பக்கத் தோட்டம்தான் முதலில் தலைவலி கொடுக்கிறது. சாவி கைக்கு வரும்போது பச்சைப்பசேலென்று புல் விரிந்திருக்கும். சுருள் சுருளாக லாரியில் வந்து இறங்கி, ஒரே நாளில் விரித்துவிட்ட புல் அது. நவம்பரில் மழை பிடித்ததும் கால் வைத்த இடமெல்லாம் சொதசொதவென்று உள்வாங்கும். ஜனவரியில் தண்ணீர் தேங்கி, புல் மஞ்சளாகி, பாசி படர்ந்து, குழந்தைகளின் காலணியோடு சேறு சமையலறை வரை வரும். அதே தரை ஆகஸ்டில் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஓரிரு வருடம் போராடிப் பார்த்தவர்கள், இருக்கிற புல்லைப் பெயர்த்துவிட்டுச் செயற்கைப் புல் போட்டுவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் ஹாரோ, வெம்பிளி பகுதிகளும் பெரும்பாலும் லண்டன் களிமண்ணின் மேல்தான் நிற்கின்றன. அங்குள்ளவர்களுக்கு இது தெரிந்த கதையாகத்தான் இருக்கும். அலுத்துப்போய் எடுக்கும் அந்த முடிவின் வேதனை புரிகிறது. ஆனால் கோளாறு இருப்பது புல்லில் அல்ல, அதற்குக் கீழே. கீழே உள்ள மண்ணைச் சரிசெய்யாவிட்டால் பிளாஸ்டிக் புல்லும் கெட்டுப்போகும். சரிசெய்துவிட்டால் பெரும்பாலான வீடுகளுக்குப் பிளாஸ்டிக் புல்லே தேவைப்படாது. என் வாதம் இவ்வளவுதான்.

முதலில் களிமண்ணைப் பார்க்க வேண்டும். லண்டன் களிமண் என்று புவியியலாளர்கள் அழைக்கும் படிவு, சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியை மூடியிருந்த வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்த சேறு. களித்துகள் என்றால் 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவான துகள். லண்டன் களிமண்ணில் ஸ்மெக்டைட் வகைக் கனிமம் கணிசமாக இருக்கிறது. ஏடு ஏடாக அடுக்கப்பட்ட கனிமம் அது. ஏடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் விரியும், வெளியேறினால் சுருங்கும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மாண்ட்மோரில்லோனைட்டில் ஒரே ஒரு கிராமை எடுத்து, உள் ஏடுகளையும் சேர்த்துப் பரப்பளவைக் கணக்கிட்டால் 700 சதுர மீட்டருக்கு மேல் வரும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதற்கும் இதே கனிமக் குடும்பம்தான் காரணம். இங்கிலாந்தில் 1976-ஆம் ஆண்டு பெரும் வறட்சி வந்தபோது களிமண் சுருங்கி ஏராளமான வீடுகளின் சுவர்கள் விரிசல் விட்டன. நிலம் இறங்குவதால் வரும் சேதத்தை வீட்டுக் காப்பீட்டில் சேர்க்கத் தொடங்கி அப்போது ஐந்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. அதிகம் சுருங்கி விரியும் களிமண்ணில் புதுவீட்டின் அஸ்திவாரம் குறைந்தது ஒரு மீட்டர் ஆழமாவது போக வேண்டும் என்று இன்றைய கட்டுமானத் தரவிதிகள் கேட்கின்றன. அஸ்திவாரத்துக்கு இவ்வளவு கவனம். அதற்கு இரண்டு அடி தள்ளியுள்ள தோட்டத்துக்கு எதுவும் இல்லை.

களிமண்ணில் தண்ணீர் இறங்காது என்பது பாதி உண்மை. ஐநா உணவு வேளாண் அமைப்பின் பாசன வழிகாட்டிகள், விளைநிலத்துக் களிமண்ணில் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் வரை நீர் இறங்கும் என்கின்றன. மணிக்கு 1 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 24 மில்லிமீட்டர். லண்டனில் ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறக்குறைய 600 மில்லிமீட்டர்தான். குளிர்கால மாதத்துக்கு 60 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் நாளுக்கு 2 மில்லிமீட்டர். கணக்குப்படி ஒரு சொட்டுக்கூடத் தேங்கக் கூடாது. பிறகு ஏன் தேங்குகிறது? விளைநிலத்துக் களிமண் வெறும் களிமண் அல்ல. வேர்களும் இலைமக்கும் பூஞ்சை இழைகளும் சேர்ந்து அந்தத் துகள்களைப் பட்டாணி அளவுக் குருணைகளாகத் திரட்டிவைத்திருக்கின்றன. தண்ணீர் இறங்குவது குருணைகளுக்கு இடைப்பட்ட சந்துகளிலும், பழைய வேர்த் தடங்களிலும், மண்புழு வளைகளிலும்தான். அந்த அமைப்பை எடுத்துவிட்டால் மிஞ்சும் இறுகிய களிமண்ணில் தண்ணீர் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட நகராது. மண் அதேதான், கனிமமும் அதேதான். அமைப்பு இருக்கிறதா இல்லையா என்பதில் நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம் வந்துவிடுகிறது. சார்லஸ் டார்வின் கென்ட்டில் உள்ள தன் வீட்டுப் புல்வெளியில் ஆண்டுக்கணக்கில் மண்புழுக்களைக் கவனித்து 1881-இல் வெளியிட்ட நூலில், இங்கிலாந்தின் பல இடங்களில் ஒரு ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் உலர்மண் புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேலே வருகிறது என்று கணக்கிட்டார். எந்த இயந்திரமும் இல்லாமல், கூலியும் இல்லாமல் நடக்கும் உழவு அது.

வீடு கட்டும்போது இந்த அமைப்பு எப்படிப் போகிறது என்று பார்த்தால் யார்மீதும் தனியாகக் கோபப்படத் தோன்றாது. வேலை நடக்கும் முறையே அப்படி. முதலில் மேல்மண்ணை வழித்து ஓரமாகக் குவிக்கிறார்கள். குவியல் உயரமாக, மாதக்கணக்கில் கிடந்தால் அதன் நடுப்பகுதி காற்றில்லாமல் கெட்டுவிடும். திறந்துகிடக்கும் அடிமண்ணின் மேல் ஈரத்திலும் பொக்லைன், சிமென்ட் கலவை லாரி, செங்கல் பாரம் எல்லாம் ஓடுகின்றன. ஈரக் களிமண்ணின் மேல் ஏறும் சக்கரம் மண்ணை அமுக்குவதோடு நிற்காது. வழுக்கிச் சுழலும்போது மேற்பரப்பை மெழுகியும் விடுகிறது. அந்த மெழுகிய படலம் காய்ந்தால், வாளித் தண்ணீரை ஊற்றினாலும் உள்ளே போகாது. களி அதிகமுள்ள மண்ணின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.47 கிராமைத் தாண்டினால் வேர் நுழைவது கடினம் என்று அமெரிக்க வேளாண் துறையின் மண் வழிகாட்டிகள் சொல்கின்றன. சக்கரம் ஏறி இறங்கிய இடத்தில் அந்த எல்லையைத் தாண்டுவது சுலபம். பிறகு, வயலாக இருந்த இடத்தில் வீடு கட்டும்போது இன்னொரு இழப்பும் உண்டு. இங்கிலாந்தின் களிமண் வயல்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சுட்ட மண் குழாய்களைப் புதைத்து வடிகால் அமைத்தார்கள். 1846-இல் நாடாளுமன்றம் இதற்கென்றே கடன் வழங்கச் சட்டம் இயற்றியது. அஸ்திவாரக் குழி தோண்டும்போது அந்தப் பழைய குழாய்கள் அறுபட்டுப்போகின்றன. எல்லாம் முடிந்தபின், உடைந்த செங்கல்லும் காரைக்கட்டியும் கலந்த அடிமண்ணின் மேல் நான்கு அங்குலம் மேல்மண்ணைப் பரப்பிப் புல்லை விரிக்கிறார்கள். அடைப்பு போட்ட குளியல் தொட்டியில் நான்கு அங்குலம் மண் நிரப்பிப் புல் வளர்ப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

செயற்கைப் புல் விற்பவர்கள் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 50, 60 லிட்டர் தண்ணீர் இறங்கும் என்று சொல்கிறார்கள். அது பொய்யல்ல, விரிப்பின் அடிப்பக்கத்தில் வரிசையாகத் துளைகள் உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டர் மழை. அப்படியானால் இந்த விரிப்பு நிமிடத்துக்கு 50 மில்லிமீட்டர் மழையை விழுங்கும். அப்படியொரு மழை பூமியில் எங்கும் பெய்வதில்லை. ஆனால் விரிப்பு தண்ணீரை எங்கும் அனுப்பிவைப்பதில்லை. கீழே இருப்பதிடம் ஒப்படைக்கிறது. கீழே இருப்பது நாளுக்கு 0.1 மில்லிமீட்டர் விடும் களிமண். நான்கு அங்குல ஆழத்துக்குத் தூசியில்லாத ஜல்லி போட்டு, அதில் 30 விழுக்காடு இடைவெளி இருப்பதாக வைத்துக்கொண்டால், 30 மில்லிமீட்டர் மழையை அது பிடித்துவைக்கும். கோடையில் திடீரென்று அடிக்கும் புயல்மழைக்கு இது போதும், நல்ல ஏற்பாடுதான். குளிர்காலத்தில் நாளுக்கு 2 மில்லிமீட்டர் வீதம் தொடர்ந்து வந்தால் பதினைந்து நாளில் நிரம்பிவிடும். அதன்பின் தண்ணீர் விரிப்பின் துளைகள் வழியாகவே மேலே வரும். ஆகவே, தண்ணீர் வெளியேற ஒரு குழாயும் அந்தக் குழாய் போய்ச் சேர ஓர் இடமும் இல்லாத வரை, ஜல்லிப் படுகை தண்ணீரைச் சற்று நேரம் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே.

இதையும் செய்யாமல், இரண்டு அங்குலம் வெட்டி, நேரடியாகக் களிமண்ணின் மேல் மணலைக் கொட்டி விரித்துவிட்டுப் போகிற வேலைகள் உண்டு. அவை எப்படிக் கெடுகின்றன என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். குளிர்காலத்தில் களிமண் குழைந்திருக்கும்போது மேலே நடக்கும் ஒவ்வொரு அடியும் மணலைக் கீழே அமுக்கி, சேற்றை மணலுக்குள் ஏற்றுகிறது. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி விரிப்பது களை வராமலிருக்க மட்டுமல்ல, இந்தக் கலப்பைத் தடுக்கவும்தான். துணி இல்லாத இடத்தில் முதல் கோடையில் களிமண் வெடித்ததும் மணல் அந்த வெடிப்புக்குள் சரிந்து விழும். விரிப்பின்மேல் நீளவாக்கில் பள்ளம் தெரியும். மறு குளிர்காலத்தில் மண் விரியும்போது வெடிப்புக்குள் போன மணல் அங்கேயே மாட்டிக்கொள்ள, பக்கத்துமண் மேலே எழும்பும். இரண்டு விரிப்புகளை ஒட்டிய இணைப்பில் முதலில் ஒரு மடிப்பு கிளம்பி, பிறகு பசை விட்டுப்போய் ஓரம் தூக்கிக்கொள்ளும். புதுவீட்டில் கூடுதலாக இன்னொன்று: அஸ்திவாரத்தைச் சுற்றியும் குழாய்ப் பள்ளங்களிலும் நிரப்பிய மண் முதல் சில வருடங்கள் இறங்கிக்கொண்டேயிருக்கும். அந்தக் கோடுகள் அப்படியே மேலே அச்சாகத் தெரியும்.

செடி இருந்தால் இதில் என்ன மாறும் என்பதுதான் அடுத்த கேள்வி. கோடையில் ஈரம் கிடைக்கும் புல்வெளி தென்கிழக்கு இங்கிலாந்தில் நாளுக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்குகிறது. சதுர மீட்டருக்கு மூன்று லிட்டர். அதை ஆவியாக்க இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். ஐம்பது சதுர மீட்டர் தோட்டம் ஒரு கோடை நாளில் நூறு யூனிட் வெப்பத்தைச் சத்தமில்லாமல் வெளியேற்றுகிறது. பிளாஸ்டிக் இழைகளிடம் ஆவியாக்க ஒன்றும் இல்லை, ஆகவே அந்த வெப்பம் அப்படியே இழையைச் சுடவைக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தினர் 2002-இல் தங்கள் மைதானத்தை அளந்தபோது செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 90 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. தண்ணீர் பீய்ச்சி ஆற்றினாலும் இருபது நிமிடத்தில் சூடு பெரும்பாலும் திரும்பிவிட்டது. அது கறுப்பு ரப்பர் துணுக்கு நிரப்பிய மைதானம், யூட்டாவின் வெயில். மணல் நிரப்பும் லண்டன் வீட்டுத் தோட்டம் அவ்வளவு கொதிக்காது என்பது சரிதான். ஆனால் 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி பதிவான பிறகு, இங்கிலாந்தின் வெயில் சாதுவானது என்று யாரும் சொல்ல முடியாது. செயற்கைப் புல் புகழ்பெற்றதே புல் வளர முடியாத இடத்தில்தான். ஹூஸ்டனில் 1965-இல் திறந்த ஆஸ்ட்ரோடோம் அரங்கில் கண்ணைக் கூசவைத்த கூரைக்குச் சாயம் பூசியதும் உள்ளேயிருந்த உண்மைப் புல் வெளிச்சமின்றிச் செத்தது. 1966-இல் அங்கே போட்டதால்தான் அதற்கு ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரே நிலைத்தது. கூரையில்லாத தோட்டத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

குளிர்காலத்தில் புல்லின் நீராவிப்போக்கு மிகக் குறைவு, தண்ணீர் தேங்குவதோ அப்போதுதான், புல்லால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோடை முழுவதும் நீரை உறிஞ்சி வெளியேற்றிய புல்லின் கீழ் மண் அக்டோபரில் காய்ந்து, நுண்ணிய வெடிப்புகளோடு, இடம் காலியாக வைத்திருக்கும். முதல் ஒன்றிரண்டு மாத மழை அந்த வெற்றிடத்தை நிரப்பவே போய்விடும். விரிப்பும் ஜல்லியும் மூடிய மண் கோடையிலும் குறைவாகவே காய்கிறது. குளிர்காலத்துக்குள் நுழையும்போதே அது ஈரமாக இருக்கிறது. காய்ந்து நனைந்து வெடித்து இறுகுகிற அந்தச் சுழற்சிதான் இறுகிய களிமண்ணைக் குருணையாக உடைக்கும் இயற்கை விசை. வெடிப்புக்குள் இறங்கும் வேரும் மேலேயிருந்து வரும் இலைமக்கும் உடைந்ததை மறுபடி ஒட்டாமல் வைக்கின்றன. விரிப்பு போட்ட நாளோடு வேர் இல்லை, மக்கு இல்லை, புழுவுக்கு உணவும் இல்லை. பத்துப் பதினைந்து வருடம் கழித்து விரிப்பு தேய்ந்து, பாலிஎதிலீனும் லேடக்ஸும் மணலும் பிரிக்க முடியாதபடி கலந்த கழிவாக வெளியே போகும்போது, கீழே இருப்பது கட்டுமானத் தொழிலாளர்கள் விட்டுப்போன அதே இறுகிய மண். நாய் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. மண்ணில் அதைக் களித்துகள் பிடித்துக்கொள்ளும், வேர் உண்ணும். ஜல்லியில் அதைப் பிடிப்பாரில்லை. வெயில் நாளில் வாடை எழும்.

தண்ணீர் மிச்சமாகுமே என்ற வாதம் வறண்ட நாடுகளுக்குப் பொருந்தும். இங்கிலாந்தின் புல் கோடையில் பழுப்பாகிப் படுத்தாலும் முதல் மழையில் துளிர்த்துவிடும். அதற்குத் தண்ணீர் பாய்ச்சுவது பழக்கமே தவிரத் தேவை அல்ல. அறுக்கும் வேலை மிச்சம் என்பது உண்மை, ஆனால் விரிப்பையும் பெருக்க வேண்டும், உதிர்ந்த இலையை எடுக்க வேண்டும், படுத்த இழைகளைத் துடைப்பத்தால் நிமிர்த்த வேண்டும், நாள்பட்ட தூசியில் முளைக்கும் களையையும் பாசியையும் பிடுங்க வேண்டும். வெள்ளத்தைப் பற்றிய கவலையும் கற்பனை அல்ல. முன்பக்கத் தோட்டத்தில் ஐந்து சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட 2008 முதல் இங்கிலாந்தில் அனுமதி தேவை. 2021 ஜூலையில் லண்டனில் இரண்டு முறை தெருக்களும் சுரங்க ரயில் நிலையங்களும் மழைநீரில் மூழ்கின. துளையுள்ள விரிப்பு, சட்டத்தின் கண்ணில் தண்ணீர் இறங்காத தளம் அல்ல. நிரம்பிய படுகையின் மேல் கிடக்கும்போது மழைநீருக்கு அது அப்படிப்பட்ட தளமேதான். இங்கிலாந்தின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2022 முதல் தன் கண்காட்சிகளில் செயற்கைப் புல்லுக்கு இடமில்லை என்று அறிவித்ததை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு இது: களிமண்ணைத் திருத்த வருடங்கள் ஆகும், குழந்தைகள் இந்த வருடம் விளையாட வேண்டும். இதற்குப் பதில் செலவுக் கணக்கில் இருக்கிறது. செயற்கைப் புல்லைச் சரியாகப் போட என்ன வேண்டும்? பழைய புல்லையும் ஆறு அங்குல மண்ணையும் வெட்டி அகற்ற வேண்டும், வீட்டிலிருந்து விலகும்படி வாட்டம் கொடுக்க வேண்டும், துளைக்குழாய் வடிகால் புதைக்க வேண்டும், பிறகு துணி, ஜல்லி, கல்தூள், விரிப்பு. இந்தப் பட்டியலில் அகழ்வும் வாட்டமும் வடிகாலும் உண்மைப் புல்லுக்கும் வேண்டியவை. அதுவரை செய்தாயிற்றென்றால், ஜல்லிக்கும் விரிப்புக்கும் ஆகும் பணத்தில் அடிமண்ணை ஒன்றரை அடி ஆழம் பிளந்து நொறுக்கி, இடிபாட்டைப் பொறுக்கி, நன்கு மட்கிய குப்பையைக் கலந்து, ஓரடி மேல்மண் போட்டு, மிதிபடத் தாங்கும் ரைகிராஸ் கலந்த விதையைத் தூவிவிட முடியும். ஓரடி நல்ல மண்ணில் வடியக்கூடிய இடைவெளி பத்து விழுக்காடு இருந்தாலே ஜல்லிப் படுகையின் அதே 30 மில்லிமீட்டர் கொள்ளளவு வந்துவிடுகிறது. கூடுதலாக அது ஆண்டுதோறும் தேறும். செப்டம்பரில் விதைத்தால் அடுத்த மே மாதம் குழந்தைகள் ஓடலாம். இரண்டு தவறுகளை மட்டும் தவிர்க்க வேண்டும்: மண் ஈரமாக இருக்கும்போது கைவைப்பது, களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் பொலபொலப்பாகும் என்று நம்புவது. குறைந்த மணல் களியோடு சேர்ந்து இன்னும் கெட்டியாகத்தான் இறுகும்.

விதிவிலக்கு உண்டு. சக்கர நாற்காலியில் நடமாடுபவர், குனிந்து எழ முடியாத முதியவர், நாள் முழுக்க வெயில் படாத இடுக்கு முற்றம், இவற்றுக்குச் செயற்கைப் புல்லைத் தவறென்று சொல்ல மாட்டேன். அப்படிப் போடும்போது வடிகாலில் சிக்கனம் பார்க்கக் கூடாது. களிமண்ணில் உறிகுழி பெரும்பாலும் வேலை செய்யாது, செய்யும் இடத்திலும் கட்டடத்திலிருந்து ஐந்து மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். கழிவுநீர்ச் சாக்கடையோடு இணைப்பதற்கு அனுமதி இல்லை. விரிப்பின் மட்டம் சுவரின் ஈரத்தடுப்பு வரிசைக்கு ஆறு அங்குலம் கீழேயே நிற்க வேண்டும், காற்றுத்துளைச் செங்கற்களை மூடிவிடக் கூடாது. பெரிய மரத்தின் வேர்ப்பரப்பின் மேல் போடுவதை அடியோடு விட்டுவிட வேண்டும்: மேலிருந்து மழை குறைய, கீழே வேர் உறிஞ்ச, களிமண் ஒரு பக்கம் மட்டும் சுருங்கும்.

புதுவீட்டுக்காரர்கள் அவசரப்படாமலிருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கிலாந்தின் புதுவீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு உத்தரவாதம் தரும் என்எச்பிசி அமைப்பின் தரவிதிகள், வீட்டிலிருந்து மூன்று மீட்டருக்குள் தோட்டத்தில் தண்ணீர் தேங்காதபடி வடிகால் இருக்க வேண்டும், மேல்மண் குறைந்தது 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கின்றன. முதல் இரண்டு வருடக் குறைகளைச் சரிசெய்யும் பொறுப்பு கட்டியவருடையது. குளிர்காலத்தில் மண்வெட்டியால் ஓரடிக் குழி ஒன்று எடுத்து, மேல்மண் எத்தனை அங்குலம், எந்த ஆழத்தில் நீலச்சாம்பல் நிறமும் அழுகிய வாடையும் தொடங்குகின்றன, செங்கல் துண்டு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றி மறுநாள் காலை எவ்வளவு இறங்கியது என்று அளக்க வேண்டும். தேதியோடு படம் எடுத்து, அந்த இரண்டு வருடம் முடிவதற்குள் கட்டியவருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். மேல்மண்ணை வெட்டி எடுத்து ஜல்லி கொட்டி விரிப்பைப் போட்ட பிறகு இந்தப் புகாரைக் கொடுத்தால், ஆய்வாளர் வந்து பார்ப்பதற்கு அங்கே ஆதாரம் எதுவும் மிஞ்சியிருக்காது.